முன்னால் போகும் வண்டி

கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்காமல் போய்விட்டது. டீக்கடை ஓரமாக டி.வி.எஸ். ஐம்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்த வேல்விழி, ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்த தலையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டு சிரித்துவிட்டாள்.

"பாத்தீங்களாண்ணே, இன்னைக்கும் தூங்கிட்டாக" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதித்தாள். வண்டி வழக்கம்போல் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கிளம்பியது.

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவனை யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். அந்த பஸ்ஸில் அது எழுதாத சட்டம். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றவனுக்குக் கிடைக்கிற அந்த அரைமணித் தூக்கத்தில் கை வைப்பது பாவம் என்று நினைக்கிற பிள்ளைகள் அவர்கள். தன் ஸ்டாப்பில் தானாக விழித்தால் இறங்கலாம். இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் ஷெட் வரைக்கும் போய், அங்கே அசடு வழிய இறங்கிக் கொட்டாவி விடலாம். அவள் புருஷன் அருள்பாண்டி இப்படிப் போய் இறங்கியது முன்பும் உண்டு. அவள் பின்னாலேயே போய் அழைத்து வந்ததும் உண்டு.

ஒருகாலத்தில் இதே சாலையில் சைக்கிளை மிதித்து பஸ்ஸை முந்திய ஆள். அவனை இன்றைக்கு பஸ் தூக்கிக்கொண்டு போகிறது. இறங்கியதும் இதைச் சொல்லித்தான் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் முறுக்கினாள்.

வல்லத்துக்கு அருகே ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பஸ் நிதானித்தது. வேல்விழி இடதுபக்கமாக நுழைந்து, அவன் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டாள். லாரி விலகிய பிறகும் பஸ் மெதுவாகவே போனதால் கொஞ்ச தூரம் சேர்ந்தாற்போல் ஓட்டிக்கொண்டு போனாள். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே யாரோ ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். வெயில் அவன் நெற்றியில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது.

அவளுக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. ஓடுகிற சாலையில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் போனதே இல்லை.

ஷெட்டுக்குள் பஸ் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி லாட்ஜையும் ஹாஸ்டலையும் பார்த்து நடந்தார்கள். டிரைவர் கன்னியப்பன் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"இன்னாக்கா, தொரத்திகினே வந்துட்டியா? இரு, அண்ணன எழுப்பி அனுப்புறேன்."

அவன் உள்ளே போனான். அவள் வண்டியை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றாள். முதலில் "அண்ணே" என்று கேட்டது. பிறகு "அண்ணே, அண்ணே" என்று கேட்டது. பிறகு கன்னியப்பனின் குரல் மாறியது. அதற்குப் பிறகு அவள் வண்டியை எங்கே போட்டாள், எப்படிப் படியேறினாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

பக்கத்து இருக்கையில் இருந்த பையன் இனியவன், இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"தல கண்ணாடில முட்டிகினே இருந்துச்சுக்கா. அதான் என் துண்ட மடிச்சி வெச்சேன். தூங்குறாருன்னுதான் நெனச்சேன். சத்தியமா தூங்குறாருன்னுதான் நெனச்சேன்."

அவள் அந்தத் துண்டை எடுத்து, உதறி, நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில், கம்பெனி பஸ்ஸில் நடந்த சாவு என்பதால் அறுத்துப் பார்க்காமல் தர முடியாது, நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இதயம் நின்றிருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். ஒருகாலத்தில் அந்த இதயத்தைச் சோதித்த டாக்டர், இவ்வளவு நிதானமாக அடிக்கிற நெஞ்சை நான் பார்த்ததில்லை என்று மற்ற டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வேல்விழி அப்போது பெருமையில் பூரித்துப்போய் நின்றாள். இன்றைக்கு வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த பெஞ்சில்தான் அவளுக்கு அது உறைத்தது. நாளைக்கு அவனை எடுத்துக்கொண்டு போகும்போது, தெருமுனையோடு அவளை நிறுத்திவிடுவார்கள். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. சாலையில் அவள் முன்னால் இல்லாமல் அவன் போக வேண்டியிருக்கும்.

அருள்பாண்டி சைக்கிள் ரேஸ் ஓட்டினவன். ரோடு ரேஸ்காரனுக்கு எதிரி மற்ற சைக்கிள்காரன் இல்லை, காற்றுதான். முன்னால் ஒரு வண்டி காற்றை வாங்கிக்கொண்டு போனால், அதன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறவன் தன் சக்திக்கு மீறின வேகத்தில் மிதித்துப் பழகலாம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் மாதமே, அருள்பாண்டி அவளுக்கு டி.வி.எஸ். ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். ஊரில் புதுப்பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொடுப்பார்கள், இவன் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கொடுக்கிறான் என்று அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றைக்கே வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டான்.

"ஏளா, ஒரே சீரா முறுக்கணும். சடார்னு பிரேக்கு அடிக்கப்பிடாது. பள்ளம் வந்தா எடக்கையத் தொங்கவிட்டுக் காட்டணும். எது வந்தாலும் திரும்பிப் பாக்கப்பிடாது. நீ திரும்புனா தோளு திரும்பும், தோளு திரும்புனா வண்டி திரும்பும், நான் ஒன் சக்கரத்துல மோதிச் செத்துருவேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், விடிவதற்கு முன்னால் வீடு இருந்த சேரப்பணஞ்சேரியில் கிளம்பி, ஏரிக்கரை வழியாக ஏறி, படப்பை, வாலாஜாபாத் என்று அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் வந்தான். சங்கிலியின் சத்தமும் மூச்சும்தான் அவளுக்கு அவன். "ஏத்து" என்றால் இன்னும் வேகம். "போதும்" என்றால் போதும். கல்யாண வாழ்க்கையில் பாதிப் பேச்சு இந்த இரண்டு வார்த்தையிலேயே நடந்து முடிந்துவிட்டது. மீதிப் பேச்சுக்கும் பெரிய குறையில்லை. ஆனால் மிதிக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. ரேஸ் அன்றைக்கு முடிகிற இடத்தில் கூட்டத்துக்குப் பின்னால் எக்கி நிற்பாள். விருட்டென்று ஒரு கும்பல் போகும். யாரோ "அருள்பாண்டிடா" என்று கத்துவார்கள். அவ்வளவுதான்.

மாநில சாம்பியன் பட்டம் வருஷா வருஷம் அவன் வீட்டுக்கு வந்தது. தேசியப் பந்தயத்தில் ஒருமுறை தங்கம் வாங்கினான். அதைப் பார்த்துத்தான் கம்பெனி தன் டீமில் சேர்த்து வேலை கொடுத்தது. ஒருமுறை வெளிநாட்டுக்குப் போய் கடைசிக் கும்பலில் வந்து சேர்ந்துவிட்டு, "என் ஆயுசுல நல்லா ஓட்டுனது அன்னைக்குத்தான்ளா" என்றான். பிறகு கம்பெனி கைமாறியது, டீமைக் கலைத்தார்கள். சாம்பியன் மற்றவர்களோடு மெஷின் லைனில் நின்றான். அப்போதும் ஷிப்டுக்கு சைக்கிளில்தான் போவான். சாலையை அகலப்படுத்திய பிறகு லாரியில் அடிபட்டுச் சைக்கிள்காரர்கள் சாகத் தொடங்கவும், எல்லோரும் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டை இடித்து பஸ் நிறுத்த இடம் போட்டார்கள்.

"நம்மள மூட்டையாக் கட்டி ஏத்துதாக" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவ்வளவாக ருசி இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மதியம் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு என்று சொல்ல முடியாது, வீட்டு வாசலுக்கு.

"தப்பா எடுத்துக்காத வேலு" என்றாள் வீட்டுக்கார சொர்ணம்மாள். "வூட்டுக்குள்ள வெச்சா அப்பால எவனும் வாடகைக்கு வரமாட்டான். நாலு போர்ஷன் கட்டி வுட்டுக்கீறேன். வெளிய பந்தல் போட்டுக்கலாம்மா."

கல்நெஞ்சுக்காரி இல்லை சொர்ணம்மாள். பந்தலுக்குச் சொன்னதும் அவள்தான், ராத்திரி முழுக்க வேல்விழியோடு தரையில் படுத்ததும் அவள்தான். பயம் ஒரு பக்கம் இருந்தது, பாசம் ஒரு பக்கம் இருந்தது. வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் அவனைக் கிடத்தினார்கள்.

கம்பெனிப் பிள்ளைகள் யூனிபார்மோடு கும்பலாக வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள், மாலை போட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மதிய ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "வரோம்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் போன பிறகு பந்தல் பெரிதாகத் தெரிந்தது. அழுவதற்குக்கூடச் சொந்தத்தில் ஒரு பெண் இல்லை. கட்டிக்கொண்டு அழ ஆளில்லாததால் வேல்விழி அவன் கால்மாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நரைத்த தலையோடு ஒருவர் பழைய ரேஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பந்தல் காலில் சாய்த்தார். செங்கல்பட்டிலிருந்து மிதித்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எம்பேரு முனிரத்தினம்ங்க. அண்ணன் என்னப் பத்திச் சொல்லிக்கீறாரா?"

"ரெண்டாவதா வருவீகள்ல, அவுகதான?"

அவர் முகத்தில் சிரிப்பு வந்து, பிணத்தைப் பார்த்ததும் அடங்கியது. "ஆமாங்க. எப்பவும் ரெண்டாவதுதான்."

அவர் மாலையைப் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பிறகு அவளே கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க பக்கத்துலயே ஓட்டுனவுக. அவுக மிதிக்கப்ப மொகம் எப்பிடி இருக்கும்?"

முனிரத்தினம் யோசித்தார். அவருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல ஆசையாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு எங்கங்க தெரியும்? அவரு முதுகுதான் எனக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். முதல் நாள் வல்லத்தில் அவனோடு சேர்ந்தாற்போல் போன அந்தக் கொஞ்ச தூரத்தை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தானா, போய்ச் சேர்ந்திருந்தானா என்று யாருக்கும் தெரியாது. தான் அவனைப் பார்த்து சந்தோஷப்பட்டதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவன் அண்ணன் பிச்சையா ஊரிலிருந்து இரண்டு பங்காளிகளோடு வந்து சேர்ந்தார். வந்ததும் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைக்கிற நிலைமை எந்த வீட்டிலும் வரக்கூடாது. பிள்ளை இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வைத்திருக்கும். பிள்ளை இல்லாததற்குச் சைக்கிள் சீட்டுதான் காரணம் என்று ஊரில் பேசினார்கள். பிச்சையாவும் அதைப் பேசியவர்தான். இன்றைக்கு அதெல்லாம் அவர் முகத்தில் இல்லை.

வேல்விழி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்.

"அத்தான், நானும் கூட வாரேன்."

"எங்கம்மா?"

"அங்கனதான்."

"எம்மா, வேலு, என்ன பேசுத? பொம்பளையாளு சுடுகாட்டுக்கு வருவாகளா? தெருமுக்கோட நின்னுக்கிடணும் தாயி. ஊர்ல கேட்டா என்னையத்தான் கேவலமாப் பேசுவாக."

அவள் மறுபடி கேட்கவில்லை. வைராக்கியமாகக் கேட்டுச் சண்டை போட அவளுக்குத் தெம்பும் இல்லை. அவனுடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சும்மா சரி செய்தாள். அந்தக் கால் எப்போதும் மழித்தே இருக்கும். விழுந்தால் காயத்துக்கு மருந்து போட வசதியாக ரேஸ்காரர்கள் அப்படி வைத்துக்கொள்வார்கள். ஓட்டம் நின்ற பிறகும் அவன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. லைன் பையன்கள் கேலி செய்தும் விடவில்லை. இரண்டு நாளாக மழிக்காததில், விரலுக்கு மேல் சிறுமுடி குத்தியது.

தாம்பரத்திலிருந்து சொர்க்க ரதம் வந்தது. பழைய வேனில் இருபுறமும் தகரச் சிறகு வைத்து, வெள்ளை அடித்து, அந்தப் பெயர் எழுதியிருந்தார்கள். அவனை ஏற்றினார்கள். பிச்சையா கொள்ளிச்சட்டியோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். டிரைவர் இறங்கி வந்து, "சுடுகாட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

சொர்ணம்மாள் கையை நீட்டினாள். "நேராப் போயி… இல்ல, அந்த வழிய மறிச்சி புதுக் கம்பெனிக்காரன் காம்பவுண்டு கட்டிட்டான். ஏரிக்கரை மேல போவணும். அப்பால ஒரு குடோன் வரும். குடோனா, லாரி ஷெட்டா… அங்க ஒரு சந்து…" அவளுக்கே குழம்பிப்போனது. ஊர் மாறிய வேகத்தில், பிறந்து வளர்ந்த அவளாலேயே ஊருக்கு வழி சொல்ல முடியவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் ஏறிக்கங்க. வழி சொன்னாப் போதும்" என்றான் டிரைவர்.

யாரும் இல்லை. முனிரத்தினம் செங்கல்பட்டுக்காரர். பங்காளிகள் இந்த மண்ணை இன்றைக்குத்தான் மிதிக்கிறார்கள். சுடுகாட்டு ஆள் சுப்பன் ஒருத்தனுக்குத் தெரியும், அவன் அங்கே கட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

"வழி தெரிஞ்ச ஆம்பள அத்தினி பேரும் ஷிப்ட்ல கீறான்" என்றாள் சொர்ணம்மாள் எரிச்சலாக.

"எனக்குத் தெரியும்" என்றாள் வேல்விழி.

பிச்சையா வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அப்பம் சொல்லும்மா. டிரைவர் கேட்டுக்கிடுவாரு."

"சொல்லத் தெரியாது அத்தான். போகத்தான் தெரியும்."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு கொள்ளி வைக்க முடியாது. பிச்சையா பங்காளிகளைப் பார்த்தார், பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். முனிரத்தினம் தன் சைக்கிளைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவங்க முன்னாடி போவட்டும்ங்க. அண்ணனுக்கு அவங்க பின்னாடி வந்துதான் பழக்கம்."

சட்டியிலிருந்து புகை பிச்சையாவின் கண்ணில் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் போ என்பதுபோல் அசைத்தார்.

வேல்விழி டி.வி.எஸ்.ஸை வெளியே உருட்டினாள். சொர்ணம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "போறதுன்னா போ வேலு. ஆனா திரும்பி மட்டும் பாக்காத. பொணத்துக்கு முன்னாடி போறவங்க திரும்பிப் பாக்கக்கூடாது."

வேல்விழிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவளுக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்! "பாக்கமாட்டேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்கு வண்டி முதல் மிதியிலேயே கிளம்பியது. தெருமுனை வந்தது. அவள் நிற்கவில்லை, தாண்டினாள். பெரிய சாலையைக் குறுக்கே கடந்து ஏரிக்கரையில் ஏறினாள். பின்னால் வேன் வந்தது. அதற்குப் பின்னால் முனிரத்தினம் சைக்கிளில் வருவார். அவள் ஒரே சீராக முறுக்கிக்கொண்டு போனாள். களைத்துப்போய் வருகிற நாட்களில் அவனுக்கு எந்த வேகம் தோதாக இருக்குமோ, அந்த வேகம் அவள் மணிக்கட்டுக்குத் தானாக வந்திருந்தது.

காது மட்டும் பின்னாலேயே இருந்தது. சங்கிலிச் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. டீசல் வண்டியின் உறுமல்தான் கேட்டது. ஏத்து என்று சொல்வானா என்று கேட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் வற்றின ஏரிக்கு அந்தப் பக்கம் புதுக் கம்பெனியின் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின.

கரை வளைகிற இடத்தில் அந்தப் பள்ளம் இருந்தது. அவன் ஓட்டம் நின்று இத்தனை வருஷமாகியும் அதை யாரும் மூடவில்லை. அவள் நினைக்கக்கூட இல்லை. இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கீழே இறங்கி, இரண்டு விரலை நீட்டிப் பள்ளத்தைக் காட்டியது. வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போனது.

வேன் டிரைவருக்கு அது என்ன கை என்று தெரியாது. சக்கரம் தடாலென்று உள்ளே இறங்கி ஏறியது. பின்னால் தகரச் சிறகு அதிர்ந்தது, உள்ளே ஏதோ ஒன்று ஒரு பக்கமாகச் சரிந்து மோதியது.

வேல்விழி திரும்பிப் பார்க்கவில்லை. முறுக்கைக் குறைக்காமல், கூட்டாமல் போய்க்கொண்டிருந்தாள். பள்ளம் பின்னால் போன பிறகும் அவளுடைய இடது கை அப்படியே தொங்கிக்கொண்டு, வெறும் சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது.